ஆளி விதையும் ஐஸ் ரூமும்

எனக்குச் சூடு ஏறும்போது கையில் பெரும்பாலும் கத்தி இருக்கும். அது என் குற்றமில்லை, தொழில் அப்படி. இறைச்சிக் கடைக்காரி கையில் கத்தி இல்லாமல் பூச்செண்டா இருக்கும்?

மாதவிலக்கு நின்றுபோன வருடம் அது. முதலில் நெஞ்சுக்கு நடுவில் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல ஒரு சுருக். அடுத்த கணம் கழுத்து, காது, உச்சந்தலை என்று பற்றிக்கொண்டு ஏறும். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் வடிந்ததும் ஒரு நடுக்கம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதிரில் யார் நின்றாலும் எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. "எலும்பில்லாம குடுங்க" என்று கேட்ட ஒரு பெரிய மனிதரிடம், "உங்களுக்கு இருக்கிற எலும்பை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வெறும் பையோடு திரும்பிப் போனார்.

எங்கள் கட்டடத்தில் முன்னால் கடை, அதற்குப் பின்னால் வெட்டும் அறை, அதற்கும் பின்னால் ஐஸ் ரூம், மாடியில் வீடு. மாமனார் இரண்டு மகன்களுக்கும் பொதுவாக விட்டுப் போனது. என் மகள் கல்யாணமாகிப் போன பிறகு நாங்கள் நாலே பேர். என் கணவர் வேனில் ஓட்டல்களுக்குச் சரக்குக் கொண்டுபோவார். நானும் என் கொழுந்தனும் வெட்டுவோம். கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, முன்னால் நின்று பொட்டலம் கட்டுவாள். அவளை நான் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "விடு". பால் பொங்கி வழிந்தாலும் விடு, பக்கத்துக் கடைக்காரன் குப்பையை நம் வாசலில் தள்ளினாலும் விடு, தம்பி பெண்டாட்டியின் உதடு கிழிந்திருந்தாலும் விடு. மனசுக்குள் அவருக்கு விடு சாமியார் என்று பெயர் வைத்திருந்தேன். கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டவன் ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது நல்லவராக மட்டும் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

டாக்டர் அம்மாவிடம் போனேன். "ஒரு தடவை கால்ல ரத்தம் கட்டின ஆளு நீங்க. ஹார்மோன் மாத்திரை உங்களுக்கு வேணாம்" என்றார். "வீட்லயே பண்ணிக்கிற வழி சிலது இருக்கு. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. முதல்ல காபி, காரம், கோபம், மூணையும் குறைங்க."

"காபியையும் காரத்தையும் குறைக்கிறேன் டாக்டர்" என்றேன்.

அந்த வழிகளையெல்லாம் தேடிப் பிடித்தவள் சின்னவள். ஆளி விதையை லேசாக வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்தாள். தினமும் காலையில் ஒரு கரண்டிப் பொடியைச் சோயாப் பாலில் கலக்கிக் கொண்டுவருவாள். குடித்தால் ஈரமான அட்டையை மென்று விழுங்கின மாதிரி இருக்கும். சோம்பை ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஒரு பெரிய கூஜாவில் ஊற்றிக் கடை ஃபிரிட்ஜில் வைப்பாள். கழுத்துக்கு ஈரத்துணி. தடித்த சட்டை ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு, சூடு வந்தால் மேலே இருப்பதைக் கழற்றிக்கொள்ளலாமாம். எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு.

"மெதுவா இழுங்கக்கா. வயிறு வரைக்கும். இப்ப அதைவிட மெதுவா விடுங்க" என்பாள். எனக்கு முன்னால் நின்று அவளும் சேர்ந்து இழுப்பாள். அப்படி இழுக்கும்போது பாதியில் ஒரு இடத்தில் அவளுக்கு மூச்சு நின்று முகம் சுளிக்கும். விலா வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின ராத்திரி அவர்கள் அறையில் நாற்காலி விழுந்த சத்தம் எனக்கும் கேட்டிருக்குமே.

இது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். உடம்பு முழுக்க அடிபட்டவள் எனக்கு வைத்தியம் பார்க்கிறாள். "நீ போடி இங்கருந்து. உன் அக்கா வீட்டுக்குப் போ. எங்கயாவது போ. அவன் ஒரு நாள் உன்னைக் கொன்னுடுவான்" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"எங்கக்கா போவேன்? கோவப்படாதீங்க, சூடு ஏறும்" என்று கூஜாவை நீட்டுவாள்.

கோபப்படாமல் என்ன செய்வது? ஒரு நாள் அவள் குனிந்து தரையைக் கழுவும்போது சட்டை மேலே ஏறியது. இடுப்புக்கு மேலே விரல் தடிமனுக்கு நீளமாக ஒரு கோடு, ஊதா நிறத்தில். அந்தத் தடிமன் எனக்குப் பழக்கமானது. கத்தி தீட்டும் இரும்புக் கம்பியின் தடிமன். நான் தினமும் தொடுகிற சாமான்.

கொழுந்தன் மரக்கட்டைக்கு எதிர்ப்பக்கம் நின்று தொடையை அறுத்துக்கொண்டிருந்தான். நான் பெரிய வெட்டுக்கத்தியை எடுத்து, கட்டையில் விரித்து வைத்திருந்த அவனுடைய இடது கைக்குப் பக்கத்தில் இறக்கினேன். நகம் தப்பியது. கத்தி கட்டையில் இறங்கிக் குத்திட்டு நின்றது.

"அடுத்த தடவை அவ மேல கோடு விழுந்தா, இந்தக் கட்டையில உன் விரல் விழும்" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. பிறகு சிரித்தான். "அண்ணிக்கு மூளை வரைக்கும் சூடு ஏறிடுச்சு. அண்ணே, பாத்துக்கோ, ராத்திரி தலைகாணிக்குக் கீழ கத்தி வெச்சுப்பா."

வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த என் கணவர், "விடு" என்றார். எங்கள் இருவரில் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளை அவன் அடிப்பது குறையவில்லை. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடித்தான். என்னைப் பார்க்கும் பார்வை மட்டும் மாறியது. காத்திருக்கிறவன் பார்வை.

டாக்டர் சொல்லாத, சின்னவள் தேடாத வைத்தியம் ஒன்று என்னிடம் இருந்தது. ஐஸ் ரூம். சூடு கிளம்பும் அறிகுறி தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டு உள்ளே போய், உறைந்து தொங்கும் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொள்வேன். மூச்சு புகையாக வரும். வேர்வை முகத்திலேயே காய்ந்து இறுகும். ஆளி விதை ஆயிரம் சொல்லட்டும், அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடு இல்லை.

அந்த அறையில் ஒரு கோளாறு இருந்தது. கதவை உள்ளேயிருந்து திறக்கும் குமிழ் உடைந்து மாமனார் காலத்திலேயே கையோடு வந்துவிட்டது. பழுது பார்ப்பதற்குப் பதிலாக அவர் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். உள்ளே போகிறவர் தன் கத்தியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணியில் கத்தி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் தாழிடக் கூடாது. ஆணி காலியென்றால் அறை காலி. எங்கள் வீட்டில் சாமியை நம்பாதவர்கள்கூட அந்த ஆணியை நம்பினார்கள். குமிழைச் சரிசெய்யச் சொல்லி நான் கேட்டபோதெல்லாம் என் கணவர் சொன்னதும் அதுதான். "ஆணி இருக்குல்ல, விடு."

என் கத்தியின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். கொழுந்தன் கத்தியில் கறுப்பு. சின்னவளுக்குக் கத்தியே கிடையாது.

அன்று மதிய வியாபாரம் முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். என் கணவர் வேனில் போயிருந்தார். சின்னவள் மாடியில் ஆளி விதை இடித்துக்கொண்டிருந்தாள், உலக்கைச் சத்தம் கேட்டது. சாப்பிடப் போகிறேன் என்று கொழுந்தனும் மேலே போனான். நான் விலா எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் தீக்குச்சி கிழிந்தது. கையைத் துடைத்து, கத்தியை ஆணியில் மாட்டி, உள்ளே போய் நின்றேன். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தே இருந்தது.

சூடு தணிந்து, இனி வெளியே போகலாம் என்று நினைக்கும்போது படிக்கட்டில் ஏதோ உருண்டு வரும் சத்தம் கேட்டது. உருண்டது சாமான் இல்லை. அவளுடைய குரல் வந்தது.

கதவு படாரென்று விரிந்தது. கொழுந்தன் அவளைத் தலைமுடியோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உள்ளே எறிந்தான். அவள் என் காலடியில் வந்து விழுந்தாள். தலையிலிருந்து பாதம் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முடியிலும் புருவத்திலும் சோம்பு ஒட்டியிருந்தது. மாடியில் எனக்காக ஊறப்போட்டிருந்த சோம்புத் தண்ணீர் முழுவதையும் அவள் தலையில் கவிழ்த்திருக்கிறான்.

"சோறு போட நேரம் இல்ல. கிழவிக்கு இடிச்சுக் குடுக்க மட்டும் நேரம் இருக்கு" என்று கத்தினான். "போய் அங்கயே குடும்பம் நடத்து."

இதுதான் காரணம். சோறு கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான். பெரிய காரணம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் காலைத் தூக்கினான். அவள் வயிற்றில் அது இறங்குவதற்குள் நான் குறுக்கே விழுந்து அவனைத் தள்ளினேன். முழங்கையால் அவன் தாடையில் ஒன்று வைத்தேன். பல் கடிபட்டு வாயில் ரத்தம் வந்தது. அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், பின்மண்டையில் நங்கென்றது. நான் அவன் கையைக் கடித்தேன். கடித்த பல்லை விடவில்லை. அவன் அலறி, என்னை உதறித் தள்ளிவிட்டு, வாசற்படிக்கு அந்தப் பக்கம் தடுமாறிப் போனான்.

அங்கே நின்று மூச்சு வாங்கினான். ரத்தத்தைத் துப்பினான். அப்போதுதான் அவன் கண் ஆணிக்குப் போனது. என் சிவப்புப் பிடிக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். அவன் முகத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

கத்தியைக் கழற்றிக் கையில் எடுத்தான்.

"சூடு சூடுன்னு குதிச்சீங்களே அண்ணி. நல்லா ஆறுங்க" என்றான்.

கதவைச் சாத்தினான். வெளியே தாழ் விழுந்தது.

நான் கதவை உதைத்தேன், குத்தினேன், தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன். கதவு தலையணை கனத்துக்குத் தடிப்பு. தலைக்கு மேலே குளிர்க்காற்றை ஊதும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. என் சத்தம் என் காதுக்கே சரியாக எட்டவில்லை.

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். "அவரு திறந்துடுவாருக்கா. கோவம் போனதும் திறந்துடுவாரு."

"வாயை மூடு" என்றேன். இந்த நேரத்திலும் அவனுக்குப் பரிந்து பேசுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது.

அவளுடைய ஈரச் சட்டை விறைக்கத் தொடங்கியிருந்தது. முடி கொத்துக் கொத்தாக உறைந்து நின்றது, கன்னத்தில் பனி வெள்ளையாகப் படிந்தது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. காய்ந்த சட்டையோடு நான் கொஞ்ச நேரம் தாங்குவேன். நனைந்தவள் தாங்க மாட்டாள். தண்ணீரைக் கட்டியாக்குகிற அறை அது. இறைச்சி எப்படி உறையும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஈரமானதுதான் முதலில் உறையும்.

ஈரத்துணியைப் பூராவும் உரித்தெடுத்தேன். முதுகில் பழைய கோடுகள், புதுக் கோடுகள். நான் போட்டிருந்த இரண்டு பருத்திச் சட்டையில் ஒன்றை அவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் சொல்லிப் போட்ட சட்டைதான். என் தோல் ஏப்ரனை அவள் காலைச் சுற்றிக் கட்டினேன். முடியிலிருந்த ஐஸை விரலால் உடைத்து உதிர்த்தேன்.

கதவில் முகத்தளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு, எப்போதும் உறைபனி மூடியே இருக்கும். அதை நகத்தால் சுரண்டி ஒரு ஓட்டை பண்ணிக் கண்ணை வைத்தேன். வெட்டும் அறை தெரிந்தது. யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு உருவம் உள்ளே வந்தது. என் கணவர். வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார்.

கதவை அடித்தேன். ஆடு மாட்டும் இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்து அதனால் அடித்தேன். அவர் பாதி அறுத்த விலாவைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும், வாய் அசைந்தது. பிறகு திரும்பி ஆணியைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். ஆணி காலி. அவர் தலையைச் சொறிந்துகொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

அந்த மனிதனைப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை, கொழுந்தனைக்கூட. கண்ணாடியைப் பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு. ஆணியைப் பார்த்தார், போய்விட்டார்.

"அக்கா, தூக்கம் வருது" என்றாள் சின்னவள். அவளுடைய பற்கள் அடிப்பதை நிறுத்தியிருந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "தூங்கின, கொன்னுடுவேன். மூச்சு விடு. எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி விடு. மெதுவா இழு."

இழுத்தாள். விலா வலியில் முகம் சுளித்தது. சுளிக்கிறாள், அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் உடம்பும் இப்போது சில்லிட்டுப் போயிருந்தது. வருடம் முழுக்க நேரம் காலம் பார்க்காமல் வந்து மானத்தை வாங்கிய அந்தச் சூடு, வேண்டும் என்கிறபோது வரவில்லை. "வாடி சனியனே, வா" என்று என் உடம்பையே திட்டினேன். வரவில்லை. ஆளி விதை அன்றைக்கென்று பார்த்து வேலை செய்கிறதோ என்னவோ.

அப்போதுதான் விசிறியைப் பார்த்தேன். அந்த வீட்டில் என் கணவருக்குக் கவலை தரக்கூடிய சத்தம் ஒன்று உண்டென்றால் அது ஐஸ் ரூம் மோட்டார் நிற்கிற சத்தம். ராத்திரியில் அது ஒரு நொடி தடுமாறினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருக்கிற சரக்கு அப்படி.

உறைந்த இறைச்சிப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று இழுத்துப் போட்டேன். விரல் தோல் பெட்டியோடு ஒட்டிக் கிழிந்தது. மேலே ஏறி, விசிறியின் கம்பி வலையைக் கொக்கியால் நெம்பிப் பிய்த்தேன். உள்ளே இறக்கைகள் சுழன்றுகொண்டிருந்தன. கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் குத்தினேன்.

கை தோளோடு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இறக்கை ஒன்று முறிந்து என் நெற்றியைக் கிழித்துக்கொண்டு பறந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. விடவில்லை, மறுபடியும் குத்தினேன். அந்த விசிறி கொழுந்தனாக இருந்தது, கதவாக இருந்தது, ஆணியாக இருந்தது, "விடு" என்கிற சொல்லாகவும் இருந்தது. மூன்றாவது குத்தில் பொறி பறந்து, ஏதோ கருகி, எல்லாம் நின்றது. விளக்கும் போனது. நான் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு பெட்டிகளோடு சரிந்து விழுந்தேன்.

இருட்டு. சத்தமே இல்லாத இருட்டு. தவழ்ந்து போய் அவளைத் தேடினேன். கால் கிடைத்தது, இறைச்சி மாதிரி இருந்தது. "சின்னவளே" என்றேன். பதில் இல்லை. இழுத்து மடியில் போட்டு உலுக்கினேன்.

நெஞ்சுக்கு நடுவில் தீக்குச்சி கிழிந்தது.

கழுத்து, காது, உச்சந்தலை. குப்பென்று ஏறியது. அவளுடைய சட்டையைத் தூக்கி, என் சட்டையைத் தூக்கி, வெறும் நெஞ்சோடு நெஞ்சாக அவளை இறுக்கினேன். அவளுடைய இரண்டு கையையும் என் அக்குளில் செருகினேன். அவள் முகத்தை என் கழுத்தில் புதைத்தேன். வேர்வை ஊற்றியது. ஐஸ் ரூமுக்குள் உட்கார்ந்து நான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உதடு என் கழுத்தில் அசைந்தது. "கொதிக்குதுக்கா உங்க உடம்பு."

"உன் மருந்து ஒண்ணும் கேக்கலடி" என்றேன்.

அவள் உடம்பு குலுங்கியது. முதலில் நடுக்கம் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், சிரிப்பு அழுகையாகிவிட்டது.

வெளியே தாழ் தூக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. என் கணவர் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கழற்றிய ஃபியூஸ் கட்டையுமாக நின்றார்.

"மோட்டார் நின்னு போச்சேன்னு வந்தேன்" என்றார்.

பெண்டாட்டி காணாமல் போனது அவருக்கு உறைக்கவில்லை. மோட்டார் நின்றது உறைத்திருக்கிறது. சின்னவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கொக்கியோடு வெளியே வந்து, வெட்டும் அறையின் தரையில் அவளை உட்காரவைத்தேன். பின்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் அவள் உதடு நீலமாகத் தெரிந்தது.

கொழுந்தன் அண்ணனுக்குப் பின்னால் ஓடிவந்து நின்றான். எச்சில் கை இன்னும் காயவில்லை. சாப்பிட்டிருக்கிறான். நாங்கள் உள்ளே இருந்தபோது அவன் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

"என்ன அண்ணி இது, கத்தியை மாட்டாம உள்ள போனீங்களா?" என்றான். "ஆணி காலியா இருந்துச்சு. நான் எப்படிக் கண்டேன்?"

என் கணவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை இல்லை, இடுப்பை. வெட்டுகிறவன் யாரும் கத்தியைக் கண்ட இடத்தில் வைக்க மாட்டான். கையில் இருக்கும் கத்தி தன்னால் இடுப்பு உறைக்குப் போகும். சிறு வயதிலிருந்து வந்த பழக்கம், மனசு எதை யோசித்தாலும் கை அதைச் செய்துவிடும். கொழுந்தனின் உறையில் இரண்டு பிடி தெரிந்தது. ஒன்று கறுப்பு. ஒன்று சிவப்பு.

விடு என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் கொக்கி முதலில் அவர் மேல்தான் பாய்ந்திருக்கும்.

அவர் டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிவப்புப் பிடியை உருவிக் கட்டைமேல் வைத்தார். டார்ச்சைத் திருப்பிப் பிடித்து, தம்பியின் முகத்தில் அடித்தார். மூக்கு உடையும் சத்தம் எனக்குத் தெரியாத சத்தமில்லை. கொழுந்தன் கர்ஜித்துக்கொண்டு பாய்ந்தான். அண்ணனைத் தூக்கி மரக்கட்டையில் மோதினான். கட்டையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது. புருவம் பிளந்து, என் கணவர் சரிந்தார். அவன் தன் கறுப்புக் கத்தியை உருவினான்.

நான் பின்னாலிருந்து கொக்கியை வீசினேன். அது அவன் இடுப்பு வாரில் மாட்டியது. தொங்குகிற ஆட்டை இழுக்கிறபோது தோளால் இழுக்கக் கூடாது, இடுப்பால் இழுக்க வேண்டும். இடுப்பால் இழுத்தேன். அவன் மல்லாந்தான், கத்தி கையை விட்டுத் தெறித்தது. அவன் எழுவதற்குள் ஈரத்தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஐஸ் ரூமுக்குள் எறிந்தேன். எந்த இடத்தில் அவள் விழுந்தாளோ அதே இடத்தில் விழுந்தான். கதவைச் சாத்தித் தாழைப் போட்டேன்.

அடித்தான். கத்தினான். வெளியே அது ஏதோ பக்கத்துத் தெருவில் ஆணி அடிக்கிற மாதிரிதான் கேட்டது. எங்கள் சத்தமும் இப்படித்தான் கேட்டிருக்கும், காது கொடுத்திருந்தால்.

என் கணவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். புருவத்து ரத்தம் சட்டையில் ஓடியது. ஃபியூஸ் கட்டை இன்னும் கையில் இருந்தது.

"ஃபியூஸுக்குக் கம்பி போட்டு மாட்டுங்க" என்றேன். "விசிறி இல்லாட்டியும் மோட்டார் ஓடட்டும். அவனும் கொஞ்சம் ஆறட்டும்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். எனக்கு அவன் சாக வேண்டும். விறைத்து, கண் உறைந்து, ஆடுகளோடு ஆடாகச் சாக வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். சின்னவளைப் பார்த்துக் கேட்டார். "போடட்டுமாம்மா?"

அவள் கதவு அதிர்வதைப் பார்த்தாள். தரையில் கைகளை ஊன்றி, என் ஏப்ரன் காலைத் தடுக்க, எழுந்தாள். கீழே கிடந்த சிவப்புப் பிடிக் கத்தியை எடுத்தாள். அவள் கையில் கத்தியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் விரல் மடங்கவில்லை, இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போனாள். திறந்துவிடப் போகிறாளோ என்று நினைத்தேன், குத்தப் போகிறாளோ என்றும் நினைத்தேன்.

அவள் கத்தியை ஆணியில் மாட்டினாள்.

"வேணாம் மாமா" என்றாள். "உள்ள ஆள் இருக்கு."

பிறகு முன்கடைக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். அவர்கள் ஏதேதோ கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாள். என் வீட்டுக்காரர் என்னை அடிப்பார் என்றாள். எப்போதிலிருந்து என்று சொன்னாள். எதனால் என்று சொன்னாள். இன்றைக்கு என்ன செய்தார் என்றும் சொன்னாள். எத்தனையோ வருடம் கூச்சல் போட்டும் எனக்கு வராத வார்த்தைகள், குரல் உயராமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"இப்ப எங்க இருக்காரா? உள்ளதான் இருக்காரு. நீங்க வந்து திறந்துக்கலாம். நான் இனிமே திறக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் அவனைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்கு ஒரு பக்கம் எரிந்தது. இன்றைக்கும் சில நாள் எரிகிறது. அந்த எரிச்சலோடு கூட நெஞ்சில் மறுபடியும் சுருக்கென்றது. முகம் கொதித்து வேர்வை வழிய, கல்லாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் ரூமுக்குப் போக வழியில்லை. சோம்புத் தண்ணீரும் இல்லை.

அவளுக்கு மறுபடியும் பல் அடிக்கத் தொடங்கியிருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கை ஐஸ்போல இருந்தது, சுகமாக இருந்தது.

"இன்னும் சூடு இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "கிட்ட வா."